உப்புப் போட்ட ஐஸ்

ஐஸைப் பத்தி எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்ல. கல்லடியில வாவிக்கரையில இருபத்திரெண்டு வருசமா இறால் வாங்கி விக்கிறன். எந்த ஐஸ் கெட்டி, எது ஒரு மணித்தியாலத்தில தண்ணியாப் போகும் எண்டு தொட்டுப் பாத்தே சொல்லிருவன். இறாலுக்கு வெறும் ஐஸ் காணாது. உடைச்ச ஐஸைப் பரப்பி, கல்லுப்புத் தூவி, அதுக்கு மேல இறாலைப் போட்டு, மறுகாலும் ஐஸ், மறுகாலும் உப்பு எண்டு அடுக்கணும். உப்பு விழுந்த ஐஸ் வெறும் ஐஸை விடக் குளிரும். கையை விட்டா விரல் விறைச்சுப் போகும். கொழும்பு லொறி ஒரு நாள் பிந்தினாலும் என்ட இறால் தலை கறுக்காது. அவளிட்ட வாங்கினாப் பழுதில்ல எண்டு எனக்கு ஒரு பேர் இருந்திச்சு. அந்தப் பேராலதான் நான் அழிஞ்சன். இல்ல, நான் அழிஞ்சனெண்டு சொல்றது பொய். அழிஞ்சது என்னைக் கட்டின எங்கட மனிசன். எழுதத் துவங்கக்குள்ளேயே பாருங்க, என்னை நல்லவளாக் காட்டத்தான் கை போகுது.

எங்கட மனிசன் தோணிக்காரன். சீனி வருத்தம் வந்து பத்து வருசம் குளிசையோட சமாளிச்சார். சமாளிச்சதெண்டா என்ன, கிளினிக்குக்கு முதல் மூண்டு நாள் அரைப்பட்டினி கிடப்பார். ரத்தம் குத்திப் பாத்து, கொப்பியில நல்ல இலக்கம் விழுந்தவுடனே வீட்ட வந்து, கோப்பை நிறையச் சோத்தைப் போட்டுக்கொண்டு குந்துவார். ஊரில பாதிப்பேர் செய்யிற வேலைதான் அது. நானும் சிரிச்சுக்கொண்டு கறி ஊத்தினவள்தான். ஆனா அந்தக் களவை நான் மறக்கல்ல. பின்னால எனக்கு அது நல்லா உதவிச்சு.

ஒரு நாள் காலம்பற வலை இழுக்கக்குள்ள நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு தோணிக்குள்ளேயே சரிஞ்சிட்டார். கூடப் போனவங்க ஆசுபத்திரியில கொண்டுவந்து சேத்தாங்க. இருதயத்துக்குப் போற நரம்பு அடைச்சிட்டுதாம், உள்ளுக்குக் கம்பி வலை வெச்சுத் திறக்கணுமாம். காசில்லாமச் சும்மா வைக்கிற அரசாங்க ஆசுபத்திரியில ஆக்கள் கனபேர் காத்துக்கொண்டிருந்தாங்க. எங்கட முறை வரும்வரைக்கும் இந்த மனிசன் இருப்பாரெண்டு ஆர் எனக்கு எழுதித் தாற? எங்கட பக்கத்தில பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுக்காமக் கலியாணம் இல்ல. கையில இருந்ததெல்லாம் மகளுக்குச் செங்கலடியில கட்டிக் குடுத்த வீட்டோட முடிஞ்சு போச்சு. மிஞ்சினது தோணியும் இஞ்சினும்தான். ரெண்டையும் வித்தம். காசு கட்டி வெளி ஆசுபத்திரியில கம்பியை வெச்சம்.

உசிரோட வந்தார். வந்து பாக்க வந்த ஆக்களுக்கெல்லாம் பகடி விடுவார், என்ட தோணி இப்ப நெஞ்சுக்குள்ள ஓடுது எண்டு. அவங்க சிரிப்பாங்க. எனக்கு வயிறு எரியும். தோணி இல்லாத தோணிக்காரன் விடிஞ்சா வாவிக்கரையில போய் நிண்டு, ஆர்ர வலையில என்ன கிடக்கு எண்டு எட்டிப் பாத்திட்டு வருவார்.

டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதில ஒண்டுதான் எனக்கு மண்டைக்குள்ள ஏறிச்சு. சீனி இறங்காட்டி அந்தக் கம்பியும் அடைக்கும், போட்டதெல்லாம் வீணாப் போகும். இனிக் குளிசை காணாது, இன்சுலின் ஊசிதான் எண்டார். கிளினிக்கில ஊசி போடப் பழக்கின நேர்ஸ் மிஸ் நல்ல பொறுமையானவ. பால் நிறத்தில இருந்த மருந்துப் போத்தலைக் காட்டி, போட முதல் ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில வெச்சு மெதுவா உருட்டணும் எண்டா. குளிரில வைக்கணும் எண்டா. பிரிட்ஜ் இருக்கா எண்டு கேட்டா.

"குளிர் எங்களுக்குப் பிரச்சினையில்ல மிஸ், நாங்க ஐஸோடதான் சீவிக்கிறம்" எண்டன்.

அவ இன்னும் என்னமோ சொல்ல வாயெடுத்தா. நான் ஒழும்பிட்டன். லொறி வாற நேரம். இண்டைக்கும் அந்தக் கதிரையில இருந்து ஒழும்பினது எனக்கு நினைவில இருக்கு.

மருந்துத் தட்டுப்பாடு வந்த காலம் அது. கிளினிக்கில இல்லையெண்டா வெளியில பாமசிக்குப் பாமசி அலைஞ்சு வாங்கணும், அதுவும் கேட்ட விலைக்கு. ரெண்டு மூண்டு போத்தல் சேத்து வாங்கி வெச்சன். இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின மருந்து பழுதாகலாமா? இறாலுக்கு ஐஸ் அடுக்கிற றெஜிபோம் பெட்டியில சின்னதொண்டை மருந்துக்கெண்டே ஒதுக்கினன். போத்தலைப் பொலித்தீனில சுத்தி, நல்ல கெட்டி ஐஸாப் பொறுக்கி அடுக்கி, இறாலுக்குப் போடுறதை விட ரெண்டு பங்கு உப்புப் போட்டன். தினம் ரெண்டு தரம் தண்ணியை வடிச்சுப் புது ஐஸ் போடுவன். எங்கட மனிசன் பக்கத்தில குந்திக்கொண்டு, இறாலுக்கு இல்லாத மரியாதை என்ட மருந்துக்கு எண்டு சிரிப்பார்.

எடுக்கக்குள்ள போத்தல் கல்லுமாதிரி இருக்கும். மிஸ் உருட்டச் சொன்னது இதை இளக்கத்தானெண்டு நான் நினைச்சன். உள்ளங்கையில வெச்சு உருட்டி உருட்டி இளக்கி, மருந்தை இழுத்து, அவர்ர வயித்தில போடுவன். இளகின மருந்துக்குள்ள சின்னச் சின்னத் திரியா என்னமோ மிதக்கும். தேங்காப்பால் திரையிறல்லையா, அதுமாதிரித்தானே எண்டு இன்னும் கொஞ்சம் உருட்டுவன். ஒரு நேரம் தவற விட்டதில்ல. அவ்வளவு ஒழுங்கு.

முதல் மாசக் கிளினிக்கில சீனி ஏறியிருந்திச்சு. ரெண்டாம் மாசம் இன்னும் ஏறிச்சு. டொக்டர் ஊசியின்ட அளவைக் கூட்டினார். கூட்டியும் ஏறிச்சு, மறுகா இன்னும் கூட்டினார். என்ன திண்டீங்க எண்டு அவரைக் கேட்டார்.

"ஒண்டும் தின்னல்ல ஐயா" எண்டார் எங்கட மனிசன்.

நான் பின்னால நிண்டு தலையை ஆட்டி, பொய் சொல்றார் எண்டு டொக்டருக்குக் கண்ணைக் காட்டினன். பத்து வருசம் கொப்பிக்காகப் பட்டினி கிடந்த ஆளை எனக்குத் தெரியாதா?

அண்டைக்கு வீட்ட வந்தவுடனே சீனி டின்னைத் தகரப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டினன். சோறு சுண்டுப் பேணியால அளந்து போட்டன். வெளிய போய் வந்தாரெண்டா வாசலிலேயே மறிச்சு, வாயை ஊதச் சொல்லி மணந்து பாப்பன். றோட்டில பொலிஸ்காரன் குடிகாரனை மறிக்கிற மாதிரித்தான். முதல் நாள் சிரிச்சுக்கொண்டு ஊதினார். மறுகா சிரிக்கல்ல, ஊதினார். வெறுந்தேத்தண்ணி மணந்தாலும், இதுக்குள்ள எத்தின கரண்டி சீனி எண்டு கேப்பன். ஒரு கரண்டியும் இல்ல எண்டுவார். அப்ப சீனி என்ன காத்துக்குள்ளால வந்து ஏறுதோ எண்டு கத்துவன். வேலிக்கு அங்கால ஆக்கள் நிண்டு கேப்பாங்க. கேக்கட்டும் எண்டுதான் கத்தினன்.

அதோட விட்டனெண்டா பரவாயில்ல. கல்லடியில இருக்கிற தேத்தண்ணிக் கடை, பேக்கரி, பெட்டிக்கடை எல்லாத்துக்கும் ஏறி இறங்கி, இந்தாளுக்கு ஒண்டும் விக்காதீங்க எண்டு சொல்லிப்போட்டு வந்தன். அவங்களும் நல்ல மனசோட சொன்னதைச் செய்தாங்க. சொந்தத் தோணி வெச்சு நாலு பேருக்குத் தொழில் குடுத்த மனிசன், வெறுந்தேத்தண்ணி ஒண்டு கேட்டு, கடைக்காரன் இல்லையெண்டு சொல்ல, திரும்பி வந்தார். கரையில இருந்த பொடியனுகள் சீனிக்கள்ளன் எண்டு பேர் வெச்சானுகள். என்ட காதிலயும் விழுந்திச்சு. நல்லா வேணும் எண்டுதான் நினைச்சன்.

ஆவணியில மண்டூர்த் திருவிழாவுக்குப் போனம். கம்பி வெச்சு உசிரோட வந்ததுக்கு நான் வெச்ச நேத்தி. கோயிலுக்கு வெளிய ஆரோ பொங்கிக் கொண்டிருந்தாங்க. ஒரு மனிசி அவருக்கு வாழையிலைத் துண்டில சக்கரைப் பொங்கல் குடுத்தா. சாமிட பேரால குடுக்கிறதை வேண்டாமெண்டு சொல்ல ஏலாமல் ரெண்டு கையாலயும் வாங்கினார். தின்னல்ல. வாங்கிக்கொண்டு என்னைத் தேடினார். இப்ப யோசிச்சா என்னட்டத் தரத்தான் தேடியிருக்கணும். நான் ஓடிப்போய்க் கையைத் தட்டி விட்டன். பொங்கல் மணலுக்குள்ள போச்சு. அத்தின சனத்துக்கு முன்னால, களவாத் திண்டு திண்டுதானே என்ட தோணியைக் கரைக்கிறீங்க எண்டு கேட்டன். அவர் குந்தியிருந்து, மணலில கொட்டுண்டதைக் கூட்டி இலையில அள்ளினார். ஆரும் மிதிக்கப்படாதெண்டு கொண்டுபோய் மரத்தடியில வெச்சிட்டு வந்தார். குற்றமுள்ள மனிசன் வேறென்ன செய்வான் எண்டு நானும் விட்டிட்டன்.

கால் அதுக்குப் பிறகுதான். வாவிக்கரைச் சேத்துக்குள்ள கிடந்த உடைஞ்ச ஊரி ஓடு ஒண்டு அடிப்பாதத்தைக் கிழிச்சிருக்கு. சீனி ஏறிக் காலில உணர்ச்சி செத்துப் போனதால மனிசனுக்குத் தெரியல்ல. நான் தரையைக் கூட்டக்குள்ள ரத்தத் தடத்தைக் கண்டுதான் பாத்தம். கட்டின மருந்து ஒண்டும் கேக்கல்ல. ஒரு கிழமையில விரல் கறுத்திச்சு. மணம் வந்திச்சு. அழுகினது எதுவெண்டு மணத்தை வெச்சுச் சொல்றது என்ட தொழில். நான் ஆட்டோவைக் கூப்பிட்டன்.

வாட்டில படுக்க வெச்ச அண்டு பின்னேரம், சீனி இவ்வளவு கூட இருந்தாப் புண் ஆறாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டுப் போனார். கொப்பியைப் பாத்து, நான் வீட்டில போட்ட அதே அளவு இன்சுலினை ஆசுபத்திரிப் பிரிட்ஜில இருந்து எடுத்துப் போட்டாங்க. நான் கட்டில்காலைப் பிடிச்சுக்கொண்டு, சொல்லுங்க, என்னத்தத் திண்டீங்க, எங்க திண்டீங்க எண்டு அவரைப் போட்டு உலுப்பினன். அவர் சுவர்ப்பக்கம் கிறுகிப் படுத்தார்.

அடுத்த நாள் காலம்பற தேத்தண்ணிப் போத்தலோட போறன், அவர்ர கட்டிலைச் சுத்தி ஆக்கள். மனிசன் வேர்த்து, உடுப்பெல்லாம் ஊறி, கண் மேல போய்க் கிடக்கிறார். சீனி அடியோட இறங்கிட்டுதாம். ஒரு மிஸ் நரம்பில குளுக்கோஸ் ஏத்துறா, இன்னொருத்தி, கண் முழிச்சாப் பருக்கச் சீனித்தண்ணி கலக்கிறா. ஆறு மாசமா நான் பூட்டி வெச்ச சீனியை, அவர்ர உசிரைப் பிடிச்சு வைக்க அவங்க ஓடி ஓடிக் குடுத்தாங்க. நான் போத்தலைக் கையில வெச்சுக்கொண்டு நிண்டன்.

மனிசனுக்கு நினைவு வந்து கண் முழிச்ச பிறகு, வாட்டு மிஸ் என்னை வெளிய விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனா. கொப்பியைத் திறந்து வெச்சிருந்தா.

"அம்மா, இந்த அளவு மருந்தை வீட்டில தினம் போட்டீங்கதானே? அப்பிடிப் போட்ட ஆளுக்கு இஞ்ச போட்டவுடனே சீனி இப்பிடி விழக்கூடாது. வீட்டில மருந்தை எங்க வெச்சிருந்தீங்க?"

"ஐஸுக்குள்ள மிஸ்" எண்டன். "வெறும் ஐஸ் இல்ல, உப்புப் போட்ட ஐஸ். எடுக்கக்குள்ள கல்லுமாதிரி இருக்கும்."

எனக்கு அந்த நேரமும் பெருமைதான். மிஸ் பேனையை மூடினா.

"ஒருக்கா உறைஞ்சாப் போச்சு அம்மா. இளக்கினாலும் அது மருந்தில்ல. நீங்க இவ்வளவு நாளும் தண்ணியைத்தான் போட்டிருக்கீங்க."

அவ ஏசல்ல. ஏசியிருந்தாவெண்டா நானும் திருப்பிக் கத்தியிருப்பன், எனக்குக் கத்தத் தெரியும். ஒரு மண் பானைக்குள்ள ஈர மணல் போட்டு, அதுக்குள்ள சின்னச் சட்டியை வெச்சு மருந்தை வைக்கலாம், அவ்வளவு குளிர் காணும் எண்டு மெதுவாச் சொன்னா. அண்டைக்குக் கிளினிக்கில அந்த மிஸ் சொல்ல வாயெடுத்ததும் இதுவாத்தான் இருக்கும். மறுகா, ஐயாக்கு நான் சொல்லவா எண்டு கேட்டா.

"வேண்டாம் மிஸ், நானே சொல்றன்" எண்டன்.

அண்டு மத்தியானம் காலை முழங்காலுக்குக் கீழ எடுக்கணும் எண்டு முடிவாச்சு. ஊசியின்ட அளவைப் பாதிக்கு மேல குறைச்சு, சீனியை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, ரெண்டு நாளால ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோக ஆயத்தம் செய்தாங்க. அந்த ரெண்டு நாளும் நான் சொல்லல்ல. சொல்லத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில போவன், தலகாணியைச் சரிப்படுத்திப்போட்டு வந்திருவன். தள்ளுவண்டியில ஏத்தினாப் பிறகு, தள்ளுறவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிப்போட்டு, எங்கட மனிசன் என்னைக் கிட்ட வரச்சொன்னார்.

"புள்ள, ஒண்டு சொல்லணும். ஏசாத. சித்திரை வருசப்பிறப்புக்கு மகள் வீட்ட போய் வரக்குள்ள செங்கலடிச் சந்திப் பேக்கரியில ஒரு பணிஸ் திண்டனான். மேல சீனி தூவின பணிஸ். நீ மணந்து கண்டுபிடிச்சிருவாயெண்டு, பஸ் ஏற முதல் வாயைக் கொப்புளிச்சன். அது ஒண்டுதான். அம்மாளாச்சி அறிய வேற ஒண்டும் தின்னல்ல. அதாலதான் எல்லாம் வந்திச்சு. உன்ட தோணியை நான்தான் திண்டிட்டன்."

மருந்து உறைஞ்ச கதை என்ட நாக்கு நுனியில நிண்டிச்சு. ஒரு வசனம் காணும். அந்த மனிசன் காலோட இருக்கிற கடைசி நிமிசம் அது. கால் போக முதல் நெஞ்சாவது லேசாகியிருக்கும்.

"சரி, போனது போகட்டும்" எண்டன். "நான் மனசில ஒண்டும் வெச்சிருக்கல்ல."

மன்னிச்சன். செய்யாத குற்றத்துக்கு, செய்தவள் நிண்டுகொண்டு மன்னிச்சன். அவர் என்ட கையை எடுத்துக் கண்ணில ஒத்தினார். வாட்டை விட்டுத் தள்ளிக்கொண்டு போகக்குள்ள அவர்ர முகத்தில ஒரு சிரிப்பு இருந்திச்சு எண்டு பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

மயக்கம் தெளியட்டும், சொல்லுவம் எண்டு நினைச்சன். புண் ஆறட்டும் எண்டு நினைச்சன். கம்பி வெச்ச நெஞ்சு, அதிர்ச்சியைத் தாங்காது எண்டு நினைச்சன். எல்லாம் சாட்டு. உள்ளதைச் சொன்னா, எனக்குப் பயம். கால் இல்லாத மனிசனைப் பாக்க என்னால ஏலும். அந்த மனிசன் உண்மையைத் தெரிஞ்சுகொண்டு என்னைப் பாக்கிறதைப் பாக்க ஏலாது.

இப்ப அவர் படலையடியில கதிரையைப் போட்டு இருக்கிறார். சீனி வருத்தக்காரர் ஆரும் றோட்டால போனாக் கூப்பிட்டு மறிப்பார். காற்சட்டையை உயத்தி மிச்சக் காலைக் காட்டி, ஒரு பணிஸ் திண்டனான் தம்பி, ஒண்டே ஒண்டு, பாத்தியா எண்டு புத்தி சொல்லுவார். வீட்டில ராசாத்திமாதிரிப் பாத்தாள், நான்தான் கேக்கல்ல எண்டுவார். சனம் கிறுகி என்னைப் பாத்து, உங்களைப்போல ஆர் அக்கா பாப்பாங்க எண்டு சொல்லிப்போட்டுப் போகும். நான் சீனி போடாத தேத்தண்ணியைக் கொண்டுவந்து குடுப்பன்.

சீனிப் பூட்டு இன்னும் பூட்டித்தான் கிடக்கு. கழட்டினா ஏனெண்டு கேப்பார். அவர் இனி எங்கயும் தனியப் போறதில்ல. இருந்தும் மகள் ஆட்டோவில கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடக்குள்ள, நான் ஒண்டும் கேக்க முதலே முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து வாயை ஊதிக் காட்டுவார். நானும் மணந்து பாத்து, சரி எண்டுவன். மணக்காமல் விட்டா அவருக்கு என்னமோமாதிரி இருக்காம்.

இறால் வியாபாரத்தை விடல்ல, வேற வழி இல்ல. மருந்து குசினிக்குப் பின்னால மண் பானையில இருக்கு. ஊண்டுகோலோட அந்தப் படி இறங்க அவருக்கு ஏலாது. அதால அந்தப் பானையை அவர் கண்டதில்ல.

போன கிழமையும் கிளினிக்கில இருந்து புது மருந்தோட வந்தம். சீனி நல்லா இறங்கியிருக்கு எண்டு டொக்டர் அவரைப் புகழ்ந்தார். அந்தச் சந்தோசத்தில வழி முழுக்கக் கதைச்சுக்கொண்டு வந்தார். வீட்ட வந்து நான் இறாலுக்கு ஐஸ் உடைக்கத் துவங்கினன். சத்தம் கேட்டு உள்ளுக்கு இருந்து கூப்பிட்டார்.

"புள்ள, என்ட மருந்தைப் பெட்டிக்குள்ள வெச்சிட்டியா?"

"வெச்சிட்டன்."

"உப்புப் போட்டியா?"

"போட்டன்."

"நீ எண்டைக்கும் ஒழுங்காத்தான் வெச்சாய். நான்தான் கெடுத்தன்."

ஐஸ் உடைச்ச கையைச் சீலையில துடைச்சன். பானையில இருந்து மருந்தை எடுத்து, உள்ளங்கையில வெச்சு உருட்டிக்கொண்டு உள்ளுக்குப் போனன். அவர் சேட்டை உயத்தி வயித்தைக் காட்டிக்கொண்டு இருந்தார். நான் ஊசியைப் போட்டன்.